மீன் சீசாவுக்கு என்ன வயது?

போன மாதம் நண்பர் ஒருவர் பழைய பெட்டி ஒன்றை ஒழித்தபோது அடியில் கிடந்தது என்று ஒரு சீசாவைக் கொண்டுவந்து கொடுத்தார். தேன் நிறக் கண்ணாடி. வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கிற மீன். உடம்பு முழுக்கச் செதில், இரண்டு பக்கமும் புடைத்த கண், மேலே பார்த்துத் திறந்திருக்கும் மீனின் வாய்தான் சீசாவுக்கும் வாய். உயரம் ஒரு சாணும் இரண்டு விரலும் இருக்கும். எழுத்து எதுவும் கிடையாது. "இது எவ்வளவு பழசு, பார்த்துச் சொல்லுங்க" என்றார். பழைய சீசாக்கள் என்றால் நான் எல்லா வேலையையும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

முதல் இரண்டு நாள் நான் செய்தது தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி உருவச் சீசா கையில் கிடைக்கிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். செதில் எத்தனை வரிசை, வால் எப்படி வளைந்திருக்கிறது, கண்ணைச் சுற்றி வளையம் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு, அதே மாதிரி படம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். கிடைத்தது. அமெரிக்காவில் 'தி ஃபிஷ் பிட்டர்ஸ்' என்று ஒரு கசப்பு மருந்து, டபிள்யூ. எச். வேர் என்பவர் பெயரில், 'காப்புரிமை பெற்றது 1866' என்ற வரியோடு, தேன் நிறத்தில், மீன் வடிவத்தில்! எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. என் சீசாவில் எழுத்து இல்லையே என்ற கேள்வி வந்தது, ஆனால் எழுத்தில்லாத வேறு அச்சும் இருந்திருக்கலாம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வெயிலில் வைத்துக் கழுத்தைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த 1866 விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உருவச் சீசாக்களுக்கு அது ஒரு பொற்காலம்.

பிட்டர்ஸ் என்பது பேருக்கு மருந்து. வேர், பட்டை, மூலிகை எல்லாம் சாராயத்தில் ஊறவைத்தது, பலவற்றில் சாராயம்தான் முக்கால்வாசி வேலையைச் செய்தது. 1860களில் அமெரிக்காவில் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. கடை அலமாரியில் நூறு சதுரச் சீசா வரிசையாக நிற்கும்போது தன் சரக்கு மட்டும் தனியாகத் தெரிய வேண்டும், படிக்கத் தெரியாதவரும் அடுத்த தடவை "அந்த வீடு மாதிரி இருக்குமே, அது" என்று கேட்டு வாங்க வேண்டும், அடுத்தவன் காப்பியடித்தால் வழக்குப் போட முடிய வேண்டும். அதற்கு வழி, சீசாவையே ஓர் உருவமாக்கி அந்த வடிவத்துக்குக் காப்புரிமை வாங்குவது. டிரேக்கின் பிளான்டேஷன் பிட்டர்ஸ் மரக்கட்டை அடுக்கிய குடிசை வடிவம், காப்புரிமை 1862. நேஷனல் பிட்டர்ஸ் மக்காச்சோளக் கதிர், 1867. பிரவுனின் இண்டியன் ஹெர்ப் பிட்டர்ஸ் கேடயம் பிடித்த செவ்விந்தியப் பெண், 1868. பன்றி வடிவத்தில்கூட ஒன்று இருந்தது, சஃபோக் பிட்டர்ஸ். 1906இல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்து, உள்ளே எவ்வளவு சாராயம் என்று லேபிளில் எழுதியாக வேண்டும் என்று ஆன பிறகு இந்த மருந்துகளின் மவுசு குறைந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சீசாவில் புடைப்பாக எழுதியிருக்கிற ஆண்டு, அந்தச் சீசாவைச் செய்த ஆண்டு இல்லை. காப்புரிமை ஆண்டு என்பது 'இதற்கு முன்னால் செய்திருக்க வாய்ப்பில்லை' என்று மட்டும்தான் சொல்லும். அதே அச்சு பத்து இருபது வருடம் ஓடியிருக்கும். சில சமயம் அதுகூடக் கிடையாது. வீடு வடிவத்தில் ஈ. ஜி. பூஸ் என்பவரின் விஸ்கி சீசா ஒன்று சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் கூரையில் 1840 என்று பெரிதாக எழுதியிருக்கும். சீசாவைச் செய்தது 1860களில், நியூ ஜெர்சியில் விட்னி கண்ணாடித் தொழிற்சாலை. அதே வீட்டை, அதே 1840 என்ற எண்ணோடு, 1930களில் தொடங்கி வேறு ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் தொண்ணூறு வருடக் கணக்கு உதைக்கும்.

சரி, என் மீனுக்கு வருவோம்.

உருவத்தைச் செதுக்குபவர் எந்த வருடத்திலும் எந்த மீனையும் செதுக்கலாம். ஆனால் ஒரு சீசா எப்படிப் பிறந்தது என்பதை அதன் கழுத்தும் அடியும் மறைக்கவே முடியாது. கையால் ஊதிய காலத்தில், ஊதுகுழல் முனையில் உருகிய கண்ணாடியைச் சுருட்டி எடுத்து, இரண்டாகத் திறக்கும் இரும்பு அச்சுக்குள் இறக்கி, அச்சை மூடி, ஊதுவார்கள். கண்ணாடி பரவி அச்சின் ஒவ்வொரு பள்ளத்திலும் போய் ஒட்டும். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் மெல்லிய கோடு விழும், அதுதான் அச்சுக்கோடு. சீசாவின் வாய் மட்டும் அச்சில் உருவாகாது. குழலிலிருந்து உடைத்து எடுத்த பிறகு, முனையைத் திரும்பச் சூடாக்கி, மேலே கொஞ்சம் புதுக் கண்ணாடியைச் சுற்றி உதடு வைப்பார்கள். பின்னால் வந்த முறையில் ஒரு கருவியை உள்ளே விட்டுச் சுழற்றி அதே கண்ணாடியையே உதடாக வழித்துவிடுவார்கள். எப்படியிருந்தாலும் கோடு உதட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். சுழற்றி வழித்ததில் கழுத்தைச் சுற்றி நூலிழை மாதிரி கிடைவட்டக் கோடுகள் தெரியும். புதுக் கண்ணாடி சுற்றிய பழைய முறையில் உதட்டின் கீழ்விளிம்பு கழுத்தின் மேல் ஒழுகி நின்ற மாதிரி ஒரு பிசிறு இருக்கும், விரல் நகத்தால் தடவினால் தட்டும்.

இதை உருவச் சீசாவில் பார்ப்பது சாதாரணச் சீசாவில் பார்ப்பதைவிடக் கஷ்டம். அச்சு செய்கிறவர் புத்திசாலி. கோடு எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும், அதனால் உருவத்தில் இயல்பாகவே ஒரு விளிம்பு இருக்கிற இடத்தில் கொண்டுபோய் அதை ஒளித்துவைப்பார். குடிசை என்றால் மூலையில், தலை என்றால் காதுக்குப் பின்னால், முடியில். என் மீனில் முதுகுத் துடுப்பு ஒரு பக்கம், வயிற்றுத் துடுப்பு மறுபக்கம். துடுப்பின் கூர்விளிம்புதான் கோடு. இரண்டு நாள் கோடே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வெயிலில் சாய்த்துப் பிடித்து, துடுப்பு முடிகிற இடத்திலிருந்து நகத்தை மேலே ஓட்டினேன். செவுள் மடிப்பைத் தாண்டியது. கழுத்தைத் தாண்டியது. உதட்டின் பக்கவாட்டில் ஏறியது. உதட்டின் மேல்தளத்தில், தக்கை உட்காருகிற அந்த வளையத்தின் குறுக்கே, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, உள்விளிம்பு வரை போயிருந்தது. எதிர்ப்பக்கமும் அப்படியே. உதட்டுக்குச் சற்றுக் கீழே கழுத்தைச் சுற்றி இன்னொரு கிடைக்கோடு.

கையால் உதடு வைத்த சீசாவில் இது வராது. உதடும் அச்சிலேயே உருவானால்தான் வரும், அதாவது இயந்திரம். 1866 போச்சு.

பிறகு கவிழ்த்து அடியைப் பார்த்தேன், இந்தத் தடவை டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து. வாலின் அடிப்பாகம் நீள்வட்டம். அதற்குள் ஒரு வட்டத் தழும்பு, நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு கோடியில் வாலின் விளிம்பையே தொட்டுக்கொண்டு. வட்டத்தின் ஓரம் ஒழுங்காக இல்லை, இறகு பிரிந்த மாதிரி சின்னச் சின்ன வரிகள். முன்பே பார்த்திருந்தேன், ஆனால் பழைய கைவேலையின் அடையாளம் என்று தப்பாக நினைத்திருந்தேன். கைவேலையில் வரும் அடித்தழும்பு வேறு. உதடு வைக்கும்போது சீசாவைப் பிடித்துக்கொள்ள, ஒரு இரும்புக் கம்பியின் முனையில் கொஞ்சம் கண்ணாடியைத் தொட்டு அடியில் ஒட்டவைப்பார்கள். வேலை முடிந்ததும் தட்டி உடைப்பார்கள். அதனால் அங்கே உடைந்த கண்ணாடியின் கூர்மை இருக்கும், விரலைக் கீறும். பான்ட்டில் தழும்பு என்பார்கள். அமெரிக்கச் சீசாக்களில் 1860களோடு இது பெரும்பாலும் போய்விட்டது, அடியைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கிக் கூண்டு வந்துவிட்டது.

என் மீனில் இருந்தது கீறாத தழும்பு, வழவழப்பானது. மைக்கேல் ஓவன்ஸ் என்ற அமெரிக்கர், பத்து வயதிலேயே கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குப் போனவர், 1903இல் முழுக்கத் தானாக இயங்கும் சீசா இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அந்த இயந்திரம் உருகிய கண்ணாடியைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சி முடித்ததும் ஒரு கத்தி அடியில் வந்து வெட்டும். அந்த வெட்டுத்தான் இறகு ஓரம் கொண்ட, பெரும்பாலும் ஒரு பக்கம் ஒதுங்கிய வட்டமாக அடியில் தங்கிவிடும். ஆக, என் மீன் 1905 வாக்கில் தொடங்கி அதற்குப் பிறகுதான். ஒரு வட்டக் கீறல் இவ்வளவு துல்லியமாகப் பேசுகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கீழ் எல்லை கிடைத்தது. மேல் எல்லைக்கு வாயைப் பார்த்தேன். மரை இல்லை, தக்கை வாய். திருகு மூடி முன்பே உண்டு, ஜான் மேசன் ஜாடிக்குக் காப்புரிமை வாங்கியதே 1858இல். ஆனால் சிறிய வாய்ச் சீசாக்களில் திருகு மரையின் அளவுகள் ஒழுங்குபட்டுப் பரவலானது 1920களில்தான். 1930கள் நடுவில் மருந்துக்கடைச் சீசாக்களில் தக்கை அருகிவிட்டது. தக்கை வாயும் இயந்திர உடம்பும் ஒன்றாக இருக்கிற காலம் அதனால் கொஞ்சம் குறுகலானது, ஏறக்குறைய முப்பது வருடம்.

உள்ளே என்ன இருந்திருக்கும்? ஒரு பக்கம் செதிலுக்கு நடுவே நீள்வட்டமாக ஒரு வழவழப்பான இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே சாய்வெளிச்சத்தில் பழுப்பேறிய பசைத் தடம் தெரிகிறது, லேபிள் இருந்த இடம். மீன் வடிவம், தேன் நிறம், சின்ன வாய், லேபிள், கையால் ஊதாதது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மீன் எண்ணெய் என்று படுகிறது. காட் மீனின் ஈரல் எண்ணெய் மீன் வடிவச் சீசாவில் விற்றிருக்கிறார்கள், தேன் நிறத்தில் பல கிடைக்கின்றன. வெளிச்சம் பட்டால் அந்த எண்ணெய் கெட்டுப்போகும், அதனால் அடர்நிறக் கண்ணாடி. வைட்டமின் டி என்ற பெயரை மெக்காலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1922இல் வைத்தார், குழந்தைகளின் எலும்பு வளைகிற நோய்க்கு இந்த எண்ணெய் மருந்து என்று விளங்கிய காலம் அது. என் சீசா அந்தக் காலத்துக்குள் நன்றாகப் பொருந்துகிறது. இது என் அனுமானம்தான், லேபிள் இல்லாமல் இதற்கு மேல் நிரூபிக்க வழியில்லை. ஆனால் காலக்கணக்கு அனுமானம் இல்லை, அது கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறது.

நிறத்தை வைத்து வயது சொல்கிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். தேன் நிறம், பச்சை, கோபால்ட் நீலம் எல்லாம் எல்லாக் காலத்திலும் உண்டு. ஒரே விதிவிலக்கு, நிறமற்றதாகச் செய்து பின்னால் வெயில் பட்டு இளம் ஊதாவாக மாறிய கண்ணாடி. மணலில் இருக்கும் இரும்பின் பச்சையைப் போக்க மாங்கனீசு சேர்த்த காலம், முதல் உலகப்போர் வாக்கில் அது குறைந்து செலினியம் வந்தது. அதிலும் இப்போது மோசடி இருக்கிறது. கதிர்வீச்சுக் கொடுத்து அடர் ஊதாவாக்கி விற்கிறார்கள். வெயில் தருகிற ஊதா மெல்லியது. கண்ணைப் பறிக்கிற ஊதா என்றால் நான் கீழே வைத்துவிடுவேன்.

இதைவிடக் கஷ்டமான பிரச்சினை, கையாலேயே செய்த நகல்கள். நான் சொன்ன கோடு, தழும்பு கணக்கெல்லாம் இயந்திரத்தைப் பிடிக்கும். 1930களில் நியூ ஜெர்சியில் கிளெவெஞ்சர் சகோதரர்கள் பழைய முறையிலேயே வாயால் ஊதி, பான்ட்டில் தழும்போடு, பழைய உருவச் சீசாக்களைத் திரும்பச் செய்தார்கள். ஏமாற்றுவதற்கு இல்லை, அருமையான வேலைக்காரர்கள், அந்தத் தொழில் செத்துவிடக்கூடாது என்று செய்தது. ஆனால் கை மாறிக் கை மாறி வரும்போது அந்தக் கதை உதிர்ந்துபோய்ச் சீசா மட்டும் மிஞ்சுகிறது. அங்கே தழும்பு இருக்கிறது, அதனால் 1850 என்று சொன்னால் தப்பாகிவிடும்.

அங்கே நான் நம்புவது தேய்மானத்தை. நூற்றைம்பது வருடம் அலமாரியில் நகர்ந்து நகர்ந்து நின்ற சீசாவின் அடியில், தரையைத் தொடுகிற மேடுகளில் மட்டும், எல்லாத் திசையிலும் ஓடும் நுண்கீறல்கள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் பனி படிந்த மாதிரி இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பொய்த் தேய்மானத்தில் கீறல்கள் ஒரே திசையில் போகும், தரையைத் தொடாத பள்ளத்திலும் இருக்கும். இன்னொன்று, உருவத்தின் கூர்மை. பழைய சீசாவிலிருந்தே அச்சு எடுத்துச் செய்த நகலில் எழுத்தின் ஓரங்கள் சோப்புக் கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும், அளந்தால் அசலைவிடக் கொஞ்சம் சிறிதாகவும் இருக்கும்.

ஊர்ப் பெயர்களும் சில குறிகளும் உதவும், இருந்தால். பிரிட்டனில் பதிவு செய்த வடிவம் என்றால் 1842 முதல் 1883 வரை வைர வடிவக் குறி, 1884 முதல் வெறும் பதிவெண். பிரெஞ்சுச் சீசாவில் 'டெப்போஸே' என்றிருந்தால் வடிவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு அங்கே போன வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். 'இந்தச் சீசாவைத் திரும்ப விற்கவோ பயன்படுத்தவோ கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது' என்ற வாசகம் இருந்தால் 1935க்கும் 1964க்கும் இடைப்பட்ட அமெரிக்க மதுச்சீசா, பார்க்க எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி. என் மீனில் இவற்றில் ஒன்றும் இல்லை. இல்லாததை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

உருவச் சீசா என்ற யோசனையே எவ்வளவு பழையது என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். ஊதிச் செய்யும் முறை கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தொடங்கியது. அடுத்த நூற்றாண்டிலேயே ரோமானியர்கள் அச்சுக்குள் ஊதி மனிதத் தலை வடிவச் சீசாவும், காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரியே சுருக்கத்தோடு, அதே பழுப்பு நிறத்தில் விரல் நீளச் சீசாவும் செய்துவிட்டார்கள். அந்தப் பேரீச்சம்பழச் சீசாக்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. என் மீனைச் செய்த அச்சுக்காரரும் அதே வரிசையில் வந்தவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

மீனைக் கழுவினேன், வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் மட்டும், உள்ளே இரும்புப் பிரஷ் விடவில்லை. பசைத் தடத்தைத் தொடவே இல்லை. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கித் தரும்படி நண்பரின் வீட்டில் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். என்ன இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பசைதான்.

நண்பரிடம் விஷயத்தைச் சொன்னபோது 1866 என்ற பேச்சையும் சேர்த்தே சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. அப்புறம் உதட்டின் மேல் கோட்டையும் அடியின் இறகு வட்டத்தையும் டார்ச் அடித்துக் காட்டினேன், அவரே நகத்தை ஓட்டிப் பார்த்தார், இரண்டு தடவை. சீசாவை வாங்கிக்கொண்டு போகும்போது கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டிக் கொடுத்தேன்: 'இயந்திரம், உறிஞ்சு தழும்பு, தக்கை வாய், 1905க்கும் 1935க்கும் நடுவில், மீன் எண்ணெயாக இருக்கலாம்.' தழும்புக்குப் பக்கத்தில் 7 என்று ஓர் எண் இருக்கிறது, பெரும்பாலும் அச்சின் வரிசை எண். அதே மீன், வேறு எண்ணோடு, யாரிடமாவது லேபிள் கிழியாமல் இருந்தால் உதட்டையும் அடியையும் படம் எடுத்து அனுப்புங்கள், செதிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.